பிழை யாருடையது? நிரல்களின் வழுவுக்குப் பெயரிட்ட வரலாறு



அண்மையில் என் வகுப்பில் நடந்த ஒரு சிறு நிகழ்விலிருந்து தொடங்குகிறேன். ஸ்கிராட்ச் என்னும் நிரல்மொழியில் மாணவர்கள் ஐந்து நண்பர்களின் பெயர்களைக் கொண்ட பட்டியல் ஒன்றை அமைத்தார்கள். எண்ணைத் தட்டினால், திரையிலுள்ள பூனை அந்த எண்ணுக்குரிய பெயரைச் சொல்ல வேண்டும். ஒன்று முதல் ஐந்து வரை பூனை சரியாகவே சொன்னது. ஒரு மாணவர் ஆறு என்று தட்டினார். பூனை வாய் திறக்கவில்லை. "ஐயா, பூனை கெட்டுப் போச்சு" என்றார்.

பூனை கெடவில்லை. பட்டியலில் இல்லாத ஆறாவது பெயரைக் கேட்டதே பிழை. ஆனால் அதைச் சொல்லப் பூனைக்கு வாயில்லை. ஸ்கிராட்ச்சை உருவாக்கிய மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார், பிழைச்செய்திகள் தோன்றாதவாறு அதனை வேண்டுமென்றே அமைத்தார்கள். சிறுவர்கள் தடையின்றி விளையாடிக் கற்க வேண்டும் என்பது அவர்களின் நோக்கம். நல்ல நோக்கந்தான். இதே பிழையைப் பைத்தான் மொழியில் செய்திருந்தால் நிரல் அந்த வரியிலேயே நின்று, 'இண்டெக்ஸ் எரர்' என்று பெயர் சொல்லிப் புகார் செய்திருக்கும்.

இவ்வாறு நிரல் தன் வழக்கமான ஓட்டத்தை நிறுத்தி, இன்னது நேர்ந்தது என்று பெயரிட்டு அறிவிக்கும் முறையை 'விதிவிலக்கு' என்பர். விதிவிலக்குகளுள் ஒரு வகை மிகவும் வினோதமானது. வெளியுலகில் ஏதோ கெட்டுவிட்டது என்று அது சொல்வதில்லை. "என்னை எழுதியவர் தவறாக எண்ணிவிட்டார்" என்று நிரலே சொல்கிறது. இதுவே தருக்கப் பிழை. ஏரணப் பிழை என்பாரும் உளர். இந்தப் பிழைக்குத் தனிப்பெயர் கிடைப்பதற்குக் கணினியுலகம் பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. அந்த வரலாற்றைச் சொல்லுமுன், தோட்டப்புறக் கதை ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். அதைச் சொன்னால் மற்றவை எளிதில் விளங்கும்.

1970களில் என் தாயார் பத்தாங் காலி வட்டாரத் தோட்டம் ஒன்றில் பால்மரம் சீவினார். அதிகாலையில் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். பிறகு நிரைக்குப் போய்ச் சீவி, பாலைச் சேர்த்து, நிறுக்குமிடத்துக்குக் கொண்டு வருவார்கள். கிராணி எடையைச் செக்ரோலில் ஏற்றுவார். இரவில் மழை பெய்து பட்டை நனைந்திருந்தால் அன்று வேலை இல்லை. கணக்கில் 'மழை' என்று எழுதுவார்கள். அதில் யாருக்கும் குறையில்லை. வானத்தோடு யார் வழக்காட முடியும்?

ஒரு மாதம் என் தாயாரின் சம்பளத்தில் மூன்று நாள் குறைந்தது. கேட்டதற்கு, அந்த மூன்று நாளும் மழை என்றார் கிராணி. பக்கத்து நிரைக்காரருக்கு அதே நாள்களில் எடை ஏறியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத என் தாயார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அது என்னங்க கிராணி ஐயா, என் நிரையில மட்டும் மழை பேஞ்சுதா?" பேரேட்டைப் புரட்டினார்கள். இரண்டு நாள் எடை ஒரு வரி தள்ளி வேறொருவர் பெயருக்கு நேரே ஏறியிருந்தது. மூன்றாம் நாள் கணக்கு கடைசி வரை கிடைக்கவில்லை.

மழை என்பது ஒருவகைப் பிழை. வரி தவறி எழுதுவது இன்னொரு வகைப் பிழை. முன்னதற்குக் காத்திருக்கலாம், மறுநாள் முயலலாம். பின்னதற்குக் காத்திருந்து பயனில்லை. எழுதியவர்தாம் திருத்த வேண்டும். இரண்டாவதை முதலாவதன் பெயரால் எழுதிவிட்டால், திருத்த வேண்டியவர் திருத்த மாட்டார். இழந்தவர் வானத்தை நொந்துகொண்டு வீடு திரும்புவார். நிரல்களிலும் நிலைமை இதுவே.

கணினிப் பிழையைப் பூச்சி என்று அழைப்பதற்கு ஆதாரமாக 1947 செப்டம்பர் 9ஆம் நாள் நிகழ்ச்சியை எல்லாரும் சொல்வார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் இரண்டு கணினியில் ஓர் அந்துப்பூச்சி சிக்கிக்கொண்டது. அதை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டி வைத்தார்கள். கிரேஸ் ஹாப்பர் அம்மையார் இக்கதையைப் பலமுறை கூறிப் புகழ்பெறச் செய்தார். பிழைகளுக்குப் பூச்சி என்ற பெயர் பொறியாளரிடையே அதற்கு முன்னரே வழங்கியது. அது ஒருபுறம் இருக்க, அந்த அந்துப்பூச்சி உண்மையில் 'மழை' வகையைச் சேர்ந்தது. நிரலை எழுதியவர் எந்தத் தவறும் செய்யவில்லை. உலகப் புகழ்பெற்ற கணினிப் பிழை நிரல் பிழையே அன்று என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகத் தோன்றும்.

1960களின் நடுப்பகுதியில் ஐ.பி.எம். நிறுவனம் உருவாக்கிய பி.எல்/ஒன் மொழி, பிழைகளுக்குப் பெயரிடும் முறையை விரிவாகக் கொண்டு வந்தது. சுழியால் வகுத்தல், எண் கொள்ளளவை மீறுதல், கோப்பு முடிந்துபோதல், பட்டியலின் எல்லைக்கு வெளியே தேடுதல் என ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு பெயர் உண்டு. இன்ன நிலை நேர்ந்தால் இன்னது செய் என்று நிரலாளர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். ஆனால் மழையும் கிராணியின் கைத்தவறும் ஒரே பட்டியலில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. கோப்பு முடிந்துபோவது பிழையே அன்று. எல்லாக் கோப்பும் ஒருநாள் முடியும். பட்டியலின் எல்லையை மீறுவதோ எழுதியவரின் தவறு. இன்னொன்றும் உண்டு. சுழியால் வகுப்பதை அம்மொழி கேளாமலேயே கண்காணித்தது. எல்லை மீறலை நிரலாளர் தனியாகக் கேட்டுக்கொண்டால்தான் கண்காணிக்கும். சோதனைக்குக் கணினி நேரம் செலவாகும் என்பது காரணம்.

இவ்விடத்தில் டோனி ஹோர் என்னும் ஆங்கிலேய அறிஞரை நினைவுகூர வேண்டும். அவர் எலியட் பிரதர்ஸ் நிறுவனத்தில் அல்கால் 60 மொழிக்கான மொழிமாற்றியை உருவாக்கியபோது, பட்டியலைத் தொடும் ஒவ்வொரு முறையும் எல்லையைச் சோதிக்குமாறு அமைத்தார். பின்னர், வேகம் வேண்டுவோர் அச்சோதனையை நிறுத்திக்கொள்ளும் வசதி தரட்டுமா என்று வாடிக்கையாளர்களிடம் கேட்டபோது, வேண்டாம் என்று அனைவரும் ஒருமித்துச் சொன்னார்களாம். தங்கள் நிரல்களில் அப்பிழை எத்தனை முறை நேர்கிறது என்பதை அதற்குள் அவர்கள் கண்டுகொண்டிருந்தார்கள். 1980இல் டூரிங் விருது ஏற்புரையில் அவரே சொன்ன செய்தி இது.

1975இல் ஜான் குட்எனஃப் என்பவர் விதிவிலக்குகளைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரையில் ஒரு தெளிவான கோடு விழுந்தது. ஒரு செயல் தோற்பதற்கு இரு வழிகள் உண்டு என்றார் அவர். கொடுக்கப்பட்ட உள்ளீடே தகாததாக இருக்கலாம். அல்லது உள்ளீடு தக்கதாக இருந்தும் செயல் தன் பயனைத் தர இயலாமற்போகலாம். அதே காலத்தில் பார்பரா லிஸ்கோவ் தலைமையில் உருவான குளூ மொழி இன்னொரு கட்டுப்பாட்டை விதித்தது. ஒவ்வொரு செயற்கூறும் தான் எழுப்பக்கூடிய விதிவிலக்குகளைத் தன் முகப்பிலேயே அறிவித்துவிட வேண்டும். யாரும் கையாளாமல் விட்ட விதிவிலக்கு 'தோல்வி' என்ற பொதுப்பெயரைப் பெற்று மேலே போகும். எதிர்பார்த்த தடங்கலுக்கு ஒரு பெயர், எதிர்பாராததற்கு வேறு பெயர்.

இப்பிரிவினையை நேர்மையாக முடித்து வைத்தவர் என்று நான் கருதுவது பெர்ட்ராண்ட் மேயரை. 1980களின் நடுப்பகுதியில் அவர் உருவாக்கிய ஐஃபல் மொழியில், ஒவ்வொரு செயற்கூறும் ஓர் ஒப்பந்தத்தோடு எழுதப்படும். 'நீ எனக்கு இன்னதைத் தந்தால்' என்பது முன்நிபந்தனை. 'நான் உனக்கு இன்னதைத் தருவேன்' என்பது பின்நிபந்தனை. முன்நிபந்தனை முறிந்தால் பிழை அழைத்தவருடையது. பின்நிபந்தனை முறிந்தால் பிழை அழைக்கப்பட்டவருடையது. பிழை நேர்ந்தது என்பதோடு நில்லாமல், யார் திருத்த வேண்டும் என்பதையும் விதிவிலக்கின் வகையே சொல்லிவிடுகிறது. என் தாயார் கேட்ட கேள்விக்கு இத்தகைய பேரேடு இருந்திருந்தால் ஒரு நிமிடத்தில் விடை கிடைத்திருக்கும்.

இவையெல்லாம் அறிஞர்களின் பெயர்ச் சண்டைதானே என்று எண்ணுவோருக்கு, 1996 ஜூன் 4ஆம் நாளைச் சொல்ல வேண்டும்.

தென்னமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலுள்ள கூரூ ஏவுதளத்திலிருந்து ஐரோப்பாவின் ஏரியான் 5 ஏவுகணை முதன்முறையாகப் புறப்பட்டது. கிளஸ்டர் என்னும் ஆய்வுக்கான நான்கு செயற்கைக்கோள்கள் அதில் இருந்தன. பறப்பு தொடங்கி ஏறத்தாழ 40 விநாடிகளில், 3,700 மீட்டர் உயரத்தில் ஏவுகணை பாதை மாறித் திரும்பியது, உடைந்தது, வெடித்துச் சிதறியது. ழாக்-லூயி லியோன் தலைமையிலான விசாரணைக் குழு அடுத்த மாதமே அறிக்கை தந்தது.

காரணம் இதுதான். ஏவுகணையின் நிலையையும் அசைவையும் அளக்கும் கருவிக்குள் ஒரு கணினி இருந்தது. அதன் நிரல், கிடைவேகத்தோடு தொடர்புடைய ஓர் எண்ணை 64 பிட் வடிவத்திலிருந்து 16 பிட் முழுவெண்ணாக மாற்றியது. 16 பிட்டில் 32,767க்கு மேல் எந்த எண்ணும் அடங்காது. நிரல் முன்னைய ஏரியான் 4 ஏவுகணைக்காக எழுதப்பட்டது. அதன் பாதையில் அவ்வளவு பெரிய எண் வரவே வராது. ஏரியான் 5இல் கிடைவேகம் ஐந்து மடங்கு விரைவாக ஏறியது. எண் அடங்கவில்லை. ஆடா மொழியில் எழுதப்பட்ட அந்நிரல் உடனே விதிவிலக்கை எழுப்பியது. அதாவது, பிழையைக் கண்டுபிடித்தது, அறிவிக்கவும் செய்தது!

இனிமேல்தான் கவனிக்க வேண்டும். அந்த மாற்றம் நிகழ்ந்த பகுதி, ஏவுகணை தரையை விட்ட பின் தேவையே இல்லாத பகுதி. ஏரியான் 4இன் பழைய தேவை ஒன்றுக்காக, புறப்பட்ட பின்னும் ஏறத்தாழ 40 விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தது. ஆபத்துக்குரியவை என்று கண்ட ஏழு மாறிகளுள் நான்குக்குப் பாதுகாப்பு எழுதியவர்கள், மீதி மூன்றை, கணினியின் பளுவைக் கருதி, எல்லை மீறாது என்ற நம்பிக்கையில் விட்டுவிட்டார்கள். இவை எல்லாவற்றையும் விடப் பெரிது, விதிவிலக்கு எழுந்தால் என்ன செய்வது என்ற விதி. எந்த விதிவிலக்கு எழுந்தாலும் அது வன்பொருள் தற்செயலாகப் பழுதானதால்தான் எழுந்திருக்கும் என்று வடிவமைப்பாளர்கள் கருதினார்கள். ஆகவே விதி எளிமையாக இருந்தது: அந்தக் கணினியை நிறுத்திவிட்டு, துணைக் கணினிக்கு மாறு.

துணைக் கணினியிலும் அதே நிரல் ஓடியது. அதற்கும் அதே எண் வந்தது. 72 மில்லி விநாடி நீளமுள்ள முந்திய சுற்றிலேயே அதுவும் அதே காரணத்தால் நின்றுபோயிருந்தது. நின்ற கருவி அனுப்பிய பழுதறிக்கையை, பறப்புத் தரவு என்று எண்ணி முதன்மைக் கணினி படித்தது. இல்லாத ஒரு சாய்வைத் திருத்துவதற்காக எஞ்சின் முனைகளைக் கடைசி எல்லை வரை திருப்பியது.

தற்செயலான பழுது இரண்டு கருவிகளில் ஒரே கணத்தில், ஒரே வடிவில் நேராது. இரண்டும் ஒன்றாக நின்றன என்றால் பிழை எழுத்தில் இருக்கிறது. அறிக்கையின் இந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் என் தாயாரின் குரல் என் காதில் ஒலிக்கும். அங்கே ஒருவர் நிரையில் மட்டும் பெய்த மழை. இங்கே இருவருக்கும் ஒரே நொடியில் வந்த காய்ச்சல். இரண்டிலும் கைத்தவறு இயற்கையின் பெயரால் எழுதப்பட்டது. விசாரணைக் குழுவும் ஏறக்குறைய இதையே சொன்னது: தற்செயல் பழுதுகளை மட்டுமே எதிர்பார்க்கும் மனப்பழக்கம் அத்திட்டத்தில் இருந்தது, மென்பொருள் சரியென்று காட்டப்படும் வரை அது தவறாக இருக்கலாம் என்றே கொள்ள வேண்டும்.

1997இல் மேயரும் ழான்-மார்க் ழெசெக்கெல் என்பவரும், அந்த எண்ணின் வரம்பை முன்நிபந்தனையாக நிரலிலேயே எழுதியிருந்தால் பிழை முன்னரே கண்ணில் பட்டிருக்கும் என்று வாதிட்டார்கள். மறுத்தவர்களும் உண்டு. புதிய பாதையின் எண்களைக் கொடுத்துச் சோதிக்காதவரை எந்த நிபந்தனையும் வாய் திறக்காது என்பது அவர்கள் வாதம். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் எழுதி வைத்த நிபந்தனையைப் புதிதாக வருபவர் படிக்கவாவது முடியும். கிளஸ்டர் செயற்கைக்கோள்கள் மீண்டும் செய்யப்பட்டு, 2000ஆம் ஆண்டில் இருமுறையாக ரஷ்யாவின் சோயூஸ் ஏவுகணைகளில் சென்றன.

1998இல் வெளியான சி பிளஸ் பிளஸ் மொழியின் பன்னாட்டுத் தரம், இந்தப் பிரிவினைக்கு அதிகாரமுறையான பெயர்களைத் தந்தது. 'லாஜிக் எரர்' ஒரு குடும்பம்; 'ரன்டைம் எரர்' மற்றொரு குடும்பம். முன்னது, நிரல் ஓடுவதற்கு முன்னரே, கோட்பாட்டளவிலாவது, தவிர்த்திருக்கக்கூடிய பிழை. தகாத உள்ளீடு, மிகை நீளம், எல்லை மீறல் முதலியவை அதன் பிள்ளைகள். பின்னது நிரலின் கைக்கு அப்பாற்பட்ட காரணங்களால், ஓடும்போதுதான் தெரியவரும் பிழை. 2005இல் பி.எச்.பி. மொழியும் ஏறத்தாழ இதே பெயர்களை ஏற்றது. 1996இல் வெளிவந்த ஜாவாவிலோ பெயர்க் குழப்பம் ஒன்று நிலைத்துவிட்டது. அங்கே 'ரன்டைம் எக்செப்ஷன்' என்னும் குடும்பத்தில்தான் எல்லை மீறல், தகாத உள்ளீடு போன்ற எழுதியவர் தவறுகள் பெரும்பாலும் இருக்கின்றன. ஒரு மொழியில் மழையைக் குறிக்கும் சொல் மற்றொரு மொழியில் கிராணியைக் குறிக்கிறது. இரண்டையும் படிக்கும் கல்லூரி மாணவர்கள் திணறுவதில் வியப்பில்லை.

பிழையை வகைப்படுத்திப் பெயரிடுவது தமிழாசிரியர்களான நமக்குப் புதியதன்று. கட்டற்ற மென்பொருள்களைத் தமிழாக்கியோர் கணினிப் பிழைக்கு 'வழு' என்ற சொல்லை எடுத்துக்கொண்டது பொருத்தமான செயல். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழு ஏழு என்கிறது நன்னூல். தொல்காப்பியர் கணினியைக் கண்டார் என்று நான் சொல்ல வரவில்லை. அத்தகைய பெருமைகள் நமக்கு வேண்டா. நான் சொல்ல வருவது, நம் இலக்கணிகள் 'தவறு' என்ற ஒற்றைச் சொல்லோடு நிற்கவில்லை என்பதை. எது எதோடு பொருந்தவில்லை என்பதையே பிழையின் பெயராக வைத்தார்கள். 'அவன் வந்தாள்' என்பது பால்வழு. அப்பெயரைக் கேட்டவுடனே எங்கே திருத்த வேண்டும் என்பது மாணவருக்குத் தெரிந்துவிடும். பசுவை அன்பால் 'அம்மா வந்துவிட்டாள்' என்றால், அது காரணம் கருதி ஏற்கப்படும் வழுவமைதி. தெரிந்தே ஏற்ற வழுவுக்கும் தெரியாமல் விழுந்த வழுவுக்கும் வெவ்வேறு பெயர். ஏரியான் நிரலில் பாதுகாப்பின்றி விடப்பட்ட மூன்று மாறிகளை வழுவமைதி என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அமைதி கொள்வதற்கான காரணத்தை நிரலின் அருகில் எவரும் எழுதி வைக்கவில்லை.

நம் குறிப்பேடுகளில் நாம் இடும் சிவப்புக் குறியை நினைத்துப் பார்க்கிறேன். வகையில்லாத ஒரே குறி. வினாவைத் தவறாகப் படித்ததற்கும், கூட்டலில் கை தவறியதற்கும், கருத்தே புரியாததற்கும் அதே குறிதான். பெற்றோர்கள் குறிகளை எண்ணுகிறார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

பூனைக் கதைக்குத் திரும்புகிறேன். அடுத்த வாரம் அதே பட்டியலை மீண்டும் திறந்தோம். பெயரைச் சொல்லுமுன், கேட்ட எண் பட்டியலின் நீளத்துக்குள் இருக்கிறதா என்று சோதிக்கும் கட்டம் ஒன்றை மாணவர்களே சேர்த்தார்கள். எண் மீறினால் பூனை என்ன சொல்ல வேண்டும் என்பதை அவரவர் விருப்பத்துக்கு விட்டேன். பலர் 'தவறு' என்று மட்டும் எழுதினார்கள். பூனை கெட்டுவிட்டது என்று சொன்ன அந்த மாணவர் சற்று நேரம் யோசித்துவிட்டு இப்படித் தட்டினார்: "பட்டியலில் ஐந்து பேர்தான். நான் சரியாக இருக்கிறேன். நீ கேட்ட எண்ணைப் பார்."